வெள்ளக்காலப் படகும் அதன் எஞ்சினும்: எண்ணெய் வரத்துக் கோளாறுகளை அறியும் முறை

காவிரிப் பாசனத்தின் கடைமடையில், கொள்ளிடம் கடலை அணுகும் பகுதியில், ஆற்றின் இரு கரைகளுக்கும் இடையே திட்டுகளும் படுகைகளும் பல உண்டு. வண்டல் படிந்த அந்நிலங்கள் வளமானவை; ஆனால் மேட்டூர் அணை நிரம்பி, உபரி நீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்படும் காலங்களில் அவற்றின் நாற்புறமும் வெள்ளம் சூழ்ந்துவிடுகிறது. 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்டு மாதங்களில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் முதலிய ஊர்களில் இவ்வாறு நேர்ந்தது. அச்சமயங்களில் மனிதர்களையும், ஆடுமாடுகளையும், விதைநெல்லையும் கரை சேர்ப்பதற்குப் படகன்றி வேறு வழியில்லை. படகு நன்றாயிருந்து எஞ்சின் நின்றுபோனாலோ, படகு இருந்தும் இல்லாததற்குச் சமானமாகும். சில வேளைகளில் இல்லாததைவிட ஆபத்தும் ஆகும்.

2022-ஆம் வருஷத்து வெள்ளத்தில் இத்தகைய ஒரு படகில் நானும் இருந்தேன். முதியவர் இருவர், குழந்தைகளுடன் சில பெண்கள், நான்கு ஆடுகள், இரண்டு மூட்டை விதைநெல் இவ்வளவும் ஏற்றியிருந்தது. நடு ஆற்றில் எஞ்சின் குறையின்றி ஓடிற்று. கரையை அணுகும் சமயம் படகோட்டி வேகத்தைக் குறைத்தார். உடனே எஞ்சின் ஏறுவதும் இறங்குவதுமாகச் சில விநாடி தடுமாறி, பிறகு அடியோடு நின்றுவிட்டது. வெள்ளம் எங்களை ஒரு பர்லாங்கு தூரம் இழுத்துச் சென்றது. கரையோர மூங்கிற் புதர் ஒன்றில் கயிற்றை வீசி மாட்டியதால் தப்பினோம்.

“நேற்றே ஸ்லோ திருகை ஏற்றி வைத்தேன், ஐயா, இன்று மறுபடியும் நிற்கிறதே!” என்று படகோட்டி வருந்தினார். கரையேறியபின் எண்ணெய் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் டீசலை இறக்கிப் பார்த்தோம். புட்டியின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பில்டரின் மூட்டிலிருந்த செம்பு வாஷர் ஒன்றும் விரிசல் கண்டிருந்தது. நோய் ஓரிடத்திலும், செய்த மருத்துவம் வேறோரிடத்திலுமாக இருந்தன. திருகைத் தொடுமுன் எண்ணெயைப் பார்த்திருந்தால் அன்று அந்த ஆபத்து நேர்ந்திராது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வயல் எஞ்சினும் படகு எஞ்சினும்

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் தம் பெயரால் வழங்கும் எஞ்சினை 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். நமது மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினைக் கொண்டு தண்ணீர் இறைக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர் முயன்று பரப்பினார். ஆகவே எண்ணெய் எஞ்சின் நம் குடியானவர்களுக்குப் புதிதன்று. இன்று பெரும்பாலான கிணறுகளில் மின்சார மோட்டார் வந்துவிட்டபோதிலும், மின்கம்பி எட்டாத படுகை நிலங்களில் 5 குதிரைச் சக்தியுள்ள ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இன்னும் உழைத்து வருகின்றன. கடலோரத்தில் நீண்ட தண்டின் முனையில் விசிறி பூட்டிய வள்ளங்களிலும் பைபர் படகுகளிலும் பெரும்பாலும் இருப்பது இதே இனத்தைச் சேர்ந்த எஞ்சின்தான்.

இனம் ஒன்றானாலும் இரண்டின் வேலையும் ஒன்றன்று. இறைப்பு எஞ்சின் ஓரிடத்தில் அசையாமல் நின்று, நிமிஷத்துக்கு 1500 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடுகிறது. டேங்கின் அடியிலுள்ள தண்ணீரும் வண்டலும் கலங்காமல் கிடக்கின்றன. படகிலோ அலையும் ஆட்டமும் அவற்றைக் கலக்கிக் குழாய்க்குள் அனுப்புகின்றன. படகு ஒரு பக்கம் சாயும்போது, எண்ணெய் குறைந்த டேங்கில் குழாயின் வாய் வெளிப்பட்டுக் காற்றையும் விழுங்கிவிடும். மேலும், இறைப்பு எஞ்சினுக்கு மெது ஓட்டம் அதிகமாகத் தேவைப்படுவதில்லை. படகுக்கோ கரை சேரும்போதும், ஆளை ஏற்றி இறக்கும்போதும் அதுவே உயிர்நிலை. ஆதலின், வயலில் வருஷக்கணக்காக மறைந்திருந்த கோளாறு படகில் ஒரே நாளில் வெளிப்படுகிறது.

ஒரு சொட்டின் கணக்கு

மெது ஓட்டத்தில் மட்டும் எஞ்சின் தடுமாறுவதேன் என்பதை ஒரு கணக்கினால் அறியலாம். 5 குதிரைச் சக்தி எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் டீசல் செலவழிக்கும். நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும் இவ்வகை எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எண்ணெய் பீச்சப்படுகிறது. ஆகவே நிமிஷத்துக்கு 750 முறை. மணிக்கு 45,000 முறை. ஒரு லிட்டரை 45,000 பங்காக்கினால் ஒரு பங்கு சுமார் 22 கன மில்லிமீட்டர். சாதாரணத் தண்ணீர்ச் சொட்டு ஒன்றின் அளவு சுமார் 50 கன மில்லிமீட்டர். எனவே முழு வேலை செய்யும்போதுகூட ஒரு தடவைக்குச் செல்வது அரைச் சொட்டுக்கும் குறைவே. மெது ஓட்டத்திலோ அதிலும் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு சிறிய அளவில், கடுகினும் சிறிய ஒரு காற்றுக் குமிழோ, ஒரு துளி நீரோ வந்து சேர்ந்தால், அந்த ஒரு தடவை எஞ்சினுக்கு உணவு இல்லை. முழு ஓட்டத்தில் கனத்த சக்கரத்தின் வேகம் அக்குறையை ஈடு செய்து மறைத்துவிடும். மெது ஓட்டத்தில் சக்கரத்துக்கு அவ்வளவு வேகமில்லை. எஞ்சின் தடுமாறும், அல்லது நின்றுவிடும். “முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறது, ஆகையால் எண்ணெயில் குற்றமில்லை” என்று பலர் சொல்வது இதனால்தான் தவறாகிறது.

எண்ணெய் செல்லும் வழி

டேங்க், அதன் மூடி, அடியிலுள்ள டேப்பு, ரப்பர் அல்லது செம்புக் குழாய், பில்டர், எண்ணெய்ப் பம்பு, அழுத்தக் குழாய், நாசில் என்பது எண்ணெய் செல்லும் வரிசை. வாய்க்காலில் தண்ணீர் வராவிடில் நாம் தலைமதகிலிருந்து தொடங்கிக் கீழே பார்த்துக்கொண்டு வருகிறோமன்றோ? வயலின் கடைசி மடையை வெட்டிப் பயனில்லை. எஞ்சினிலும் அவ்வாறே டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். பம்பும் நாசிலும் வழியின் இறுதியில் உள்ளவை, மிகவும் நுட்பமானவை, கடைசியில்தான் அவற்றைத் தொட வேண்டும்.

முதற் சோதனை: குற்றம் எஞ்சினிலா, விசிறியிலா?

வெள்ளக்காலத்தில் ஆகாயத்தாமரையும், கயிறும், கந்தலும் மிதந்து வந்து விசிறியில் சுற்றிக்கொள்ளும். அப்போதும் வேகத்தைக் குறைத்தவுடன் எஞ்சின் நிற்கும். ஆகையால், தண்டைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி, எஞ்சினை மெதுவாக மட்டும் ஓட்டிப் பார்க்க. வெளியில் சீராக ஓடி, நீரில் இறக்கியதும் நின்றால், எஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைச் சுத்தம் செய்க. வெளியிலும் தடுமாறினால் எண்ணெய் வழியைப் பார்க்க வேண்டும். விசிறி வெளியிலிருக்கும்போது வேகத்தை ஏற்றலாகாது. அருகில் ஒருவரும் நிற்கவும் கூடாது.

பரீக்ஷிக்கும் வரிசை

1. டேங்கின் மூடி. மூடியில் காற்றுப் புக ஒரு சிறு துவாரம் உண்டு. அது வண்டினாலோ, பெயின்டினாலோ, உப்பினாலோ அடைபட்டால், எண்ணெய் குறையக் குறைய டேங்கினுள் வெறுமை உண்டாகி வரத்து நின்றுபோகும். எஞ்சின் சிறிது நேரம் ஓடி நிற்பதும், சற்று ஓய்வுக்குப்பின் மறுபடி கிளம்புவதும் இதன் அடையாளம். மூடியைத் தளர்த்தும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே புகும் ஓசை கேட்டால் ஐயமே வேண்டாம்.

2. தண்ணீரும் கசடும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. ஆகவே அது அடியில் தங்கும். எஞ்சினை நிறுத்திப் படகை அசையாமல் சில மணி நேரம் வைத்தபின், டேங்கின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்க. அடியில் தனிப் படலமாகத் தெளிந்து நிற்பது தண்ணீர். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, பாசிபோன்ற கறுத்த வழுவழுப்பை உண்டாக்குவதும் உண்டு. அது கண்டால் டேங்கை முழுவதும் இறக்கிக் கழுவுவதே முறை.

3. டேப்பும் குழாயும். பம்பில் சேரும் இடத்தில் குழாயைக் கழற்றி, டேப்பைத் திறந்து, ஒரு பாத்திரத்தில் எண்ணெயை விட்டுப் பார்க்க. எண்ணெய் அறுபடாத தாரையாக வந்து ஒரு நிமிஷத்தில் அரை டம்ளரேனும் நிரம்ப வேண்டும். சொட்டுச் சொட்டாகவோ, விட்டு விட்டோ வந்தால் மேலே தடையுண்டு. பின்பு பில்டருக்கு முன்னுள்ள மூட்டில் இதே சோதனையைச் செய்தால், தடை பில்டரிலா, அதற்கு மேலா என்பது விளங்கும். பழைய ரப்பர்க் குழாய் வெளியே பளபளப்பாயிருந்தும் உட்புறம் உரிந்து அடைத்துக்கொள்வதுண்டு. அதனை மாற்றிவிடுதலே சிக்கனம்.

4. பில்டர். அடைபட்ட பில்டரை ஆணியால் குத்தித் துவாரமிடுவதும், அதனை நீக்கிவிட்டுக் குழாயை நேரே பம்புக்கு இணைப்பதும் சிலர் செய்யும் பெரும் பிழை. பம்பினுள் உள்ள தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள சந்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. தலைமயிரின் கனத்தில் அது பல பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத மணல் துகளே அதனைக் கீறிவிடும். பில்டரின் விலையை மிச்சம் பிடித்தவர், பம்புக்கும் நாசிலுக்கும் அதனைப் போலப் பன்மடங்கு செலவழிக்க நேரும்.

5. காற்றுப் பிடித்தல். டேங்க் உயரத்திலிருந்து எண்ணெய் தானாக இறங்கும் அமைப்பில், தளர்ந்த மூட்டில் எண்ணெய் கசிந்து தன்னைத் தானே காட்டிவிடும். ஆனால் இடவசதிக்காகச் சிலர் டேங்கைப் படகின் அடித்தளத்தில் வைத்து, எண்ணெயை மேலே இழுக்கும்படி அமைக்கிறார்கள். அவ்வமைப்பில் தளர்ந்த மூட்டு எண்ணெயைக் கசிய விடாது. காற்றை உள்ளே இழுக்கும். வெளியே ஈரமே இல்லாதிருக்க, உள்ளே காற்று ஏறிக்கொண்டேயிருக்கும். ஆகவே இயன்றவரை டேங்க் பம்பைவிட உயரத்தில் இருப்பதே நலம். மூட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் செம்பு வாஷரைப் பார்த்து, நசுங்கினதையும் விரிசல் கண்டதையும் நீக்கிப் புதிது போடுக.

காற்றை நீக்கும் முறை

டேப்பைத் திறந்து, முதலில் பில்டரின் தலையிலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்துக. நுரையும் குமிழும் கலந்து எண்ணெய் வரும். குமிழ் முற்றும் நின்று தெளிந்த எண்ணெய் வரும்போது, அது வழிந்துகொண்டிருக்கையிலேயே திருகை இறுக்குக. அடுத்துப் பம்பிலுள்ள காற்றுத் திருகிலும் இவ்வாறே செய்க. மூன்றாவதாக, அழுத்தக் குழாய் நாசிலைச் சேரும் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, டீகம்பிரஷன் லீவரைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்றுக. அங்கும் குமிழ் நின்றபின் நட்டை இறுக்குக. மறுபடி சுற்றும்போது நாசிலில் ‘கிறீச், கிறீச்’ என்று தெளிவான ஓசை கேட்டால் எண்ணெய் பீச்சப்படுகிறது என்று அறியலாம். இவ்வரிசையை மாற்றினால் மேலேயுள்ள காற்று மீண்டும் கீழே வந்து சேரும், வேலை வீணாகும்.

எஞ்சினைக் கிளப்பி ஓடவிட்டபின் அரை மணி நேரத்தில் மீண்டும் காற்றுப் பிடித்தால், காற்றை எடுத்ததில் குறையில்லை. காற்று புகும் வழி இன்னும் அடைக்கப்படவில்லை என்பதே பொருள். அவ்வழியைத் தேடாமல் திரும்பத் திரும்பக் காற்றை எடுத்துக்கொண்டிருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நாசிலைக் கழற்றி வெளியே பீச்சச் செய்து பார்க்கும்போது அதன் எதிரே கையை நீட்டலாகாது. எண்ணெய் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோகிராம் அளவிலான அழுத்தத்தில் வருகிறது. அது தோலைத் துளைத்து உட்சென்றுவிடும். மேலே ஊசி குத்தின அடையாளம்போல் மட்டும் தோன்றும். உள்ளே சதை அழுகும். அவ்வாறு நேர்ந்தால் வலியில்லை என்று தாமதியாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மெது ஓட்டக் கோளாறுகளின் அடையாளங்கள்

மேற்கண்டவை அனைத்தும் சரியாயிருந்தும் மெது ஓட்டம் சீர்ப்படாவிடில் பின்வருவனவற்றைக் கவனிக்க.

எஞ்சின் வேகம் அலைபோல் ஏறியும் இறங்கியும் நிற்காமல் ஓடினால், கவர்னரின் இணைப்புகள் உப்பாலும் துருவாலும் இறுகியிருக்கலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது, பம்பின் எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியை விரலால் தள்ளிப் பார்க்க. அது தடையின்றிப் போய்வர வேண்டும். இறுகியிருந்தால் சுத்தம் செய்து எண்ணெயிடுக. இதனை அசட்டை செய்யலாகாது. அக்கம்பி எண்ணெய் மிகுதியாகச் செல்லும் நிலையில் இறுகி நின்றுவிட்டால், எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். அப்படி நேர்ந்தால் எண்ணெய் டேப்பை மூடி, காற்று உறிஞ்சும் வாயை ஒரு பலகையால் அழுத்தி அடைக்க வேண்டும், கையால் அடைக்கலாகாது.

மெது ஓட்டத்தில் வெண்புகையும், சீரற்ற ‘டக், டக்’ ஓசையும் இருந்தால் நாசில் சொட்டுவதாகக் கொள்ளலாம். நாசில் எண்ணெயைப் பனித்துளிபோல் தூவ வேண்டும். அது தேய்ந்தாலோ கரி பிடித்தாலோ தாரையாகவோ சொட்டாகவோ விடும். எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகு எண்ணெயோடு கலக்கும். அளவுக் கம்பியில் மசகு எண்ணெய் உயர்ந்தும், டீசல் வாசனை வீசியும் இருப்பது அதன் சான்று. அந்நிலையில் எஞ்சினை ஓட்டுவது தாங்கிகளைக் கெடுக்கும். நாசிலைச் சோதிக்க அதற்குரிய அழுத்த மானி வேண்டும். ஆகவே அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே தகும்.

முழு ஓட்டத்தில் கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது சுமை மிகுதி என்று பொருள். காற்றுச் சல்லடை நனைந்தோ அழுக்கேறியோ இருக்கிறதா என்று பார்க்க.

இவையெல்லாம் பார்த்தபிறகே ‘ஸ்லோ’ திருகைத் தொட வேண்டும். அதுவும் எஞ்சின் பத்து நிமிஷம் ஓடிச் சூடேறியபின், கால் சுற்றுக்கு மேற்படாமல், சிறிது சிறிதாகத் திருப்பிச் சீரான ஓட்டம் வருமிடத்தில் நிறுத்துக. குளிர்ந்த எஞ்சினில் வைத்த அளவு சூடேறியதும் மாறிவிடும். முத்திரையிட்ட திருகை எக்காரணத்தாலும் உடைக்கலாகாது.

பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்கள்

படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சின்களில் பல பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடுவன. இவற்றில் பம்பும் நாசிலும் இல்லை, கார்புரேட்டர் உண்டு. அதில் மெது ஓட்டத்துக்கென்று தனியே மிகச் சிறிய துவாரமுள்ள ஜெட் ஒன்று இருக்கிறது. வேகத்தில் நன்கு ஓடி, குறைத்ததும் நின்றால் முதலில் அந்தச் ஜெட்டையே ஐயுற வேண்டும். சோக்கைப் பாதி இழுத்தபோது ஓட்டம் சீர்ப்பட்டால் எண்ணெய் போதவில்லை என்பது உறுதி. ஜெட்டைக் கம்பியால் குத்தினால் பித்தளைத் துவாரம் பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதியே சுத்தம் செய்க.

டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை இருக்கும். எஞ்சின் ஓடும்போது அது ஒட்டிச் சப்பையானால் டேங்கின் பக்கம் தடையுண்டு. எவ்வளவு அமுக்கியும் கெட்டிப்படாவிடில் எங்கோ காற்று புகுகிறது, அல்லது அதன் வால்வு கெட்டிருக்கிறது.

இக்காலத்துப் பெட்ரோலைப் பற்றி ஒரு விசேஷ ஜாக்கிரதை அவசியம். நாம் விளைவிக்கும் கரும்பிலிருந்தும், மக்காச்சோளம், நொய்யரிசி முதலியவற்றிலிருந்தும் வடித்த எத்தனால் பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 2025-இல் இக்கலப்பு நாட்டில் 20 சதவீதத்தை எட்டிற்று. எத்தனால் தண்ணீரை விரும்பி ஈர்ப்பது. தண்ணீர் ஓர் அளவுக்கு மேற்பட்டால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடிப்படலம் எஞ்சினுக்குள் சென்றால் அது ஓடாது. ஆகவே படகுப் பெட்ரோலை மாதக்கணக்கில் சேமித்து வைக்காமல், வேலை முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டர்க் கிண்ணத்தையும் வடித்துக் காலியாக வைப்பதே முறை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கி நிற்கும். ஆதலின், வடிக்கும்போதும் ஊற்றும்போதும் பீடியும் விளக்கும் அருகில் வரலாகாது.

ஓய்வுக்காலப் பாதுகாப்பு

வெள்ளக்காலப் படகு எஞ்சின் வருஷத்தில் பத்து மாதம் தூங்கி, இரண்டு நாள் உயிர்காக்க அழைக்கப்படுவது. ஓடித் தேயும் எஞ்சினைவிட, ஓடாமல் கிடக்கும் எஞ்சினில்தான் எண்ணெய் வழிக் கோளாறு அதிகம். பாதி நிரம்பிய டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்து இறங்குகிறது. ஆகவே டீசல் டேங்கை முழுவதும் நிரப்பி வைக்க வேண்டும். டீசலை நாகம் பூசிய தகரத்தில் வைக்கலாகாது. நாகத்தோடு சேர்ந்து கசடு உண்டாகும். தனி டப்பாவில் வைத்த டீசலை ஆறு மாதத்துக்குமேல் வைத்திராமல், இறைப்பு எஞ்சினிலோ டிராக்டரிலோ செலவிட்டுப் புதிது வாங்குக. ஊற்றுமுன் டப்பாவை ஒரு நாள் அசையாமல் வைத்து, மெல்லிய சல்லடையிட்ட புனல் வழியாக மேலெண்ணெயை மட்டும் இறுத்து, அடியில் நிற்பதை விட்டுவிடுக.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுவது. அதற்குமுன், மே மாத இறுதிக்குள், கிராம அதிகாரிகளும் படகு வைத்திருப்போரும் கூடி ஒரு நாள் எஞ்சினை முழுவதும் பரிசோதித்து வைத்தல் நலம். டேங்கின் அடி எண்ணெயை இறக்கிப் பார்த்து, பில்டரை மாற்றி, காற்றை எடுத்து, படகை நீரில் இறக்கி, சுமையேற்றி அரை மணி நேரம் ஓட்டுக. அதில் பத்து நிமிஷமேனும் மெது ஓட்டமாக இருக்கட்டும். ஏனெனில் குற்றம் வெளிப்படுவது அங்கேதான். அதன்பின் வெள்ளக்காலம் முடியும்வரை மாதம் ஒரு முறை கால் மணி நேரம் ஓட்டி வருக. தண்ணீரால் குளிரும் எஞ்சினைத் தண்ணீரின்றி ஓட்டலாகாது. செய்த தேதியையும் கண்ட குறையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தால், அடுத்த வருஷம் படகு வேறொருவர் கையில் இருந்தாலும் பயன்படும்.

படகில் ஒரு பெட்டியில் பின்வருவன எப்பொழுதும் இருக்க வேண்டும்: புதிய பில்டர் ஒன்று, செம்பு வாஷர்கள் பல அளவில், ஒரு மீட்டர் ரப்பர்க் குழாயும் அதற்கான கிளிப்புகளும், சோதித்த நாசில் ஒன்று, வேண்டிய ஸ்பேனர்கள், நூல் பிரியாத துணி, கண்ணாடிப் புட்டி ஒன்று. இவற்றோடு துடுப்பு இரண்டு, நீண்ட மூங்கிற்கழி, நங்கூரம், தடித்த கயிறு, ஏறுவோர் தொகைக்குத் தக்க மிதவைச் சட்டைகள் ஆகியனவும் இன்றியமையாதவை. எஞ்சின் எவ்வளவு நன்றாயிருப்பினும் இவையின்றி வெள்ளத்தில் படகை விடலாகாது. நடு ஆற்றில் எஞ்சின் நின்றால், முதலில் நங்கூரம், பிறகு துடுப்பு, அதன்பிறகே ஸ்பேனர். ஓடும் வெள்ளத்தில் எஞ்சினைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், கரை எங்கே என்பதை மறந்துவிடுவார்.

முற்கூறிய படகோட்டி அந்த வெள்ளம் வடியுமுன்பே டேங்கைக் கழுவி, வாஷரை மாற்றி, முன்பு தாம் ஏற்றி வைத்த திருகைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டார். மறுநாள் முழுவதும் அதே எஞ்சின் மெது ஓட்டத்தில் தடுமாறாமல் பதினாறு நடை ஆட்களைக் கரை சேர்த்தது. அதற்குச் செலவானது ஒரு செம்பு வாஷரும், ஒரு பில்டரும், இரண்டு மணி நேரமும் மட்டுமே. நமது குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் இவ்வரிசையை மனத்திற் கொண்டு, வெள்ளம் வருமுன்பே ஒரு புட்டி எண்ணெயை இறக்கிப் பார்ப்பார்களாக.